மலை உடைந்ததா, உருகியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரக்கதை நாயகர்களின் பலத்தை, அது எத்தனை டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய சென்ற இதழ்க் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் மூன்று தரம் படித்தாள். தமிழில் இப்படி ஒன்று வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு கணக்கை என்னால் விட முடியவில்லை. நான் கல்குவாரியில் வெடி வைக்கிறவன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

நாயகன் ஒரே குத்தில் மலையைச் சிதறடிக்கிறான். மலையின் உயரம் 200 மீட்டர், அடிவாரத்தின் அகலம் 400 மீட்டர். கூம்பு என்று வைத்தால் சுமார் 84 லட்சம் கன மீட்டர் பாறை. இதுவரை சரி. அப்புறம் கட்டுரையாளர் அந்தப் பாறை முழுவதையும் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்த்து, 80 லட்சம் டன் டிஎன்டி என்று முடித்துவிட்டார். பெருக்கலில் தப்பே இல்லை. ஒரு கன மீட்டர் கருங்கல்லை உருக்க ஏறத்தாழ 400 கோடி ஜூல் வேண்டும் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). ஒரு டன் டிஎன்டி 418 கோடி ஜூல். ஆனால் கூடவே அச்சிட்ட படத்தைப் பாருங்கள். பாறைகள் துண்டு துண்டாகப் பறக்கின்றன. ஒரு துண்டின் மேல் மரம் ஒன்று வேரோடு நிற்கிறது, இலைகூடக் கருகவில்லை. அந்த மலை உருகவில்லை, உடைந்திருக்கிறது.

உடைப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குவாரியில் ஒரு கன மீட்டர் பாறைக்கு அரைக் கிலோ வெடிமருந்து, கொஞ்சம் முன்னே பின்னே. அதில் இருக்கும் ஆற்றல் 15 லட்சம் ஜூல் அளவுதான். அதிலும் ஒரு பங்கு சத்தமாகவும் அதிர்வாகவும் புகையாகவும் போய்விடும். வெடித்த பிறகு, வெடிக்காத தோட்டா எங்காவது கிடக்கிறதா என்று பார்க்க முதலில் போகிறவன் நான்தான். புகை அடங்கியதும் உடைந்த பாறையின் முகப்பில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து புதிதாக வெளியே வந்த கல் சில்லென்றுதான் இருக்கும். சில இடங்களில் நாங்கள் குழி போட்ட தடம் பாதிக் குழாய் மாதிரி அப்படியே பாறையில் நிற்கும். பாறையை உடைப்பது என்பது அதை அதன் விரிசல் வழியே பிரித்துவிடுவது. உருக்குவது முற்றிலும் வேறு வேலை.

என் கணக்குப்படி அந்த மலையை உடைக்க 3,000 டன் டிஎன்டி போதும். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு சுமார் 15,000 டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு. கட்டுரை சொன்னதோ ஹிரோஷிமாவைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல்!

இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் விடவில்லை. "உடைச்சா மட்டும் போதுமாப்பா? கல்லெல்லாம் பறக்குதே, அதுக்கு யார் கணக்குச் சொல்றது?" என்றாள். படத்தில் கற்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில் போய் விழுகின்றன. காற்றின் தடையை விட்டுவிட்டாலும், அவ்வளவு தூரம் போக ஒரு கல் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். மொத்தப் பாறையும் அந்த வேகத்தில் கிளம்பினால் கன மீட்டருக்கு 1.35 கோடி ஜூல். உடைக்க ஆகும் ஆற்றலைவிட எறிவதற்கு ஒன்பது மடங்கு ஆகிறது! எறிவதற்கு மட்டும் 27,000 டன். நான் இதை யோசிக்கவே இல்லை. குவாரியில் கல் பறக்காமல் இருந்த இடத்திலேயே சரிய வேண்டும் என்பதுதான் எங்கள் பாடு. எறிவதைக் கணக்குப் பார்க்க எனக்குத் தேவையே வந்ததில்லை.

ஆக, அதே மலை, அதே குத்து. உடைந்தால் 3,000 டன், பறந்தால் அதோடு இன்னொரு 27,000, உருகினால் 80 லட்சம். எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பது மலைக்கு என்ன ஆனது என்று நாம் பார்ப்பதில் இருக்கிறது. அதைக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

இதெல்லாம் பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, இயற்பியல் விஞ்ஞானி என்ரிக்கோ பெர்மி பத்து மைல் தள்ளி நின்றுகொண்டு காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விட்டார். அதிர்வலை அவற்றை இரண்டரை மீட்டர் தள்ளியது. அதை வைத்தே பத்தாயிரம் டன் என்றார். உண்மை இருபதாயிரத்துக்கு மேல். கண்ணால் பார்த்ததிலிருந்து எண்ணுக்குப் போகும் அந்தப் பழக்கம்தான் இதுவும்.

பரசுராமர் மழுவை எறிந்து கடலைப் பின்வாங்க வைத்து, கேரள நிலத்தை வெளியே கொண்டுவந்த கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மகள் அதையும் எடுத்துக்கொண்டாள். இன்றைய கேரளத்தின் பரப்பு 38,863 சதுர கிலோமீட்டர். அங்கே கடல் 10 மீட்டர் ஆழம் என்றால், அத்தனை தண்ணீரையும் கடல் மட்டத்துக்குத் தூக்கி ஒதுக்க 45 லட்சம் டன் டிஎன்டி. 50 மீட்டர் என்றால் 11 கோடி டன்னைத் தாண்டும். 1961இல் சோவியத் யூனியன் வெடித்த மிகப் பெரிய குண்டே 5 கோடி டன்தான். ஆழம் ஐந்து மடங்கானால் தண்ணீரும் ஐந்து மடங்கு, தூக்கும் உயரமும் ஐந்து மடங்கு. ஆகவே ஆற்றல் இருபத்தைந்து மடங்கு. சாமி கதைக்கெல்லாம் கணக்கா என்று முதலில் கோபப்பட்ட என் அம்மா, கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடல் எவ்வளவு ஆழம்னு நீ எப்படி எடுத்தே?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் கேட்ட சரியான கேள்வி அதுதான்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது பொருள் எவ்வளவு பெரிது, அதற்கு என்ன ஆனது, கன மீட்டருக்கு எவ்வளவு எடுத்தோம் என்ற மூன்றையும் பதிலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். மகள் போட்ட கணக்கைத் தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறோம். நொடிக்கு 100 மீட்டர் என்பது அந்த ஊர் படத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்து எடுத்தது. அது தப்பு என்று வாசகர் யாராவது காட்டினால் திருத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.