எழுதாத நோட்டில் ரேகை

18.8.2025

அன்புள்ள சேகர்,

கடிதம் போன வாரமே வந்தது. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். கறுப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கதையைக் கேள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வேப்பமரத்தடியில் தீர்மான நோட்டை நீட்டுவார்கள். பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டாயிரம் தலைக்கட்டு இல்லை, இரண்டாயிரம் பேர்தானே நாம். 100 பேர் வந்தால் சபை செல்லும். நூறு நாள் வேலைக்காரர்களை வரச்சொல்லிக் கணக்கை நேர்செய்துவிட்டு, தீர்மானத்தை அப்புறம் ஆபீசில் எழுதிக்கொள்வார்கள். நானே எத்தனை வருஷம் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

இந்த முறை வடக்குத் தெரு சரோஜா அக்கா மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டது. "எழுதாத நோட்டுல எதுக்குய்யா ரேகை?" கிளர்க் சிரித்தார். அக்கா அங்கேயே சம்மணம் போட்டது. பின்னாலேயே முப்பது பெண்கள். வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார். ஏழு தீர்மானம் எழுத முக்கால் மணி நேரம். மூன்றாவது அக்காவுடையது: வடக்குத் தெருக் குழாய்க்குத் தனி வால்வு. மேட்டுக்குத் தண்ணீர் ஏறுவதற்குள் டேங்க் காலியாகிவிடுகிறது. எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் ரேகை வைத்தது.

வால்வு வருமா? சந்தேகம்தான். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டோமே, அதில் ஜெயித்த தலைவர், மெம்பர்கள் பதவிக்காலம் இந்த ஜனவரி 5-இல் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர் ஆட்சி. தலைவர் என்றால் டீக்கடையில் மறித்துத் திட்டலாம். அதிகாரி ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறார். 2016-லிருந்து மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியதே, நினைவிருக்கிறதா? கைக்காசு போதாமல் பேங்கில் கடன் வாங்கி, காற்று அடிக்கும் இடம் தேடி உடுமலைப்பேட்டைப் பக்கம் நட்டார்கள். கடனுக்குப் பொறுப்பேற்க ஊருக்குள் தலைவர் என்று ஓர் ஆள் இருந்தார். இங்கே ஒரு வால்வுக்கு யாரைப் பிடிப்பது?

அடுத்த சபை அக்டோபர் 2. லீவுதானே, வா. உன் ஓட்டு சென்னையில் இருப்பதால் கையெழுத்துப் போட முடியாது. ஓரமாக உட்கார்ந்து அக்கா வால்வைப் பற்றிக் கேட்பதைப் பார்.

அன்புடன்,
ராஜு