முதலுதவி மண்டபத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழு அறியத் தருவது:

முல்லைத்தீவுக் கரையில் ஓய்வுபெற்ற மருத்துவ ஊழியர்களாகிய நாம் நடத்தும் முதலுதவி மண்டபத்தின் வேலைகள் மாரிக்கு முன் முடிந்துவிட்டன. வர்ணம், வயரிங், கதவு யன்னல் பற்றி எழுத அதிகமில்லை. காசு கூடப் போனது யன்னல் லிண்டல்களுக்குத்தான் (யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும், உள்ளே இரும்புக் கம்பி வைத்த கொங்கிறீற்று உத்தரங்கள்).

"வெடிப்பை அடைத்துப் பூசினால் காணாதா?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டீர்கள். காணாது. பழைய கொங்கிறீற்றில் கடல் மணல் கலந்திருந்தது. உப்பு கம்பியைத் துருவாக்கும். துரு இரும்பைவிடக் கூடிய இடம் பிடிப்பதால் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். உப்பு ஊறியதில் ஒட்டுப்போட்டால், ஒட்டுக்கு அருகிலுள்ள கம்பி இன்னும் கெதியாகத் துருப்பிடிக்கும். ஆகவே சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஆறு லிண்டல்களையும் முழுதாக உடைத்து, 1:2:4 கலவையில் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு பங்கு) ஆற்று மணலோடு புதிதாக வார்த்தோம். கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் கொங்கிறீற்று விட்டோம். நம் கிணறு உவர் என்பதால் கலவைக்கும், ஏழு நாள் ஈரச்சாக்கு போடுவதற்கும் பவுசர் தண்ணீர்தான். முட்டு 14 நாளுக்குப் பிறகே கழற்றப்பட்டது. மேசனுக்கு அதில் பொறுமையில்லை, நாங்கள் விடவில்லை.

சக்கர நாற்காலிச் சரிவுப்பாதை 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். திண்ணை 45 சென்ரிமீற்றர் உயரம், ஆகவே 5.4 மீற்றர் நீளம் வேண்டும். முற்றம் போதாததால் நடுவில் 1.5 மீற்றர் சமதளம் வைத்து மடக்கியிருக்கிறோம்.

கிணறு இறைத்துச் சேறு அள்ளப்பட்டது. சேறு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். விட்டம் 3 மீற்றர், நீர் 2 மீற்றர், அதாவது ஏறத்தாழ 14,000 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டி, 30 வீதம் குளோரின் உள்ள தூள் 2.4 கிலோ கரைத்து ஊற்றி, இரவு முழுக்க விட்டு, மணம் போகுமட்டும் இறைத்தோம். அந்த நீர் கழுவுவதற்கு மட்டும்.

ஒட்சிசன் மூலை கடலட்டைக்குச் சுழியோடுவோருக்காகவே அமைத்தது. மேலே வந்தபின் மூட்டுவலி, கால் விறைப்பு என்றால் இரத்தத்தில் நைதரசன் குமிழ்கள் இருக்கலாம். படுக்க வைத்து, பையுள்ள முகமூடியால் நிமிடத்துக்கு 15 லீற்றர் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். திரும்பக் கடலில் இறக்கவே கூடாது. 1,360 லீற்றர் சிலிண்டர் 90 நிமிடந்தான் வரும் என்பதால் இரண்டு வைத்திருக்கிறோம். இரண்டும் சுவரோடு சங்கிலியிட்டு நிமிர்ந்து நிற்கின்றன. வால்வு இறுகினால் எண்ணெய் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கணக்குத் தாள்களும் பற்றுச்சீட்டுகளும் பொருளாளரிடம் உள்ளன. அறிவித்தல் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டியுள்ளோம்.