ஃபுளோரிடாவிலிருந்து அப்பாவுக்கு: டார்ப்பன் மீனும் மார்ச் மாதத்து வாடைக்காற்றும்

மாரத்தான், ஃபுளோரிடா
மார்ச் 21

அன்பும் மதிப்பும் மிக்க அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, "அங்கே கடல் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். விடுதியின் வரவேற்பு மேசையில் ஆட்கள் காத்திருந்ததால் ஏதோ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டேன். இந்த மாதம் முழுவதும் என் வேலை, வருமானம், தூக்கம் எல்லாமே நீங்கள் கேட்ட அந்தக் காற்றைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருக்கும் மாரத்தான், ஃபுளோரிடா கீஸ் எனப்படும் தீவு வரிசையின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவோடு சேர்ந்த ஆழமற்ற விரிகுடா. தீவுகளை 42 பாலங்களால் இணைத்து ஒரே ஒரு சாலை போகிறது. நம் பாம்பன் பாலம் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1912இல், இந்தக் கடலின் மேலும் கீ வெஸ்ட் வரை ரயில் ஓடத் தொடங்கியிருக்கிறது. 1935ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த புயல் அந்த இருப்புப்பாதையை அழித்துவிட்டது. மக்களை மீட்கப் போன ரயிலையே அலை புரட்டிப் போட்டது என்று இங்கே கேட்டபோது, தனுஷ்கோடி ரயிலைப் பற்றி நீங்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ரயிலுக்காகக் கட்டிய பழைய பாலங்கள் பல இன்னும் நிற்கின்றன. நான் சொல்லவிருக்கும் மீன், அந்தத் தூண்களுக்கு இடையில் ஓடும் நீவாட்டில், அந்த நீரோட்டத்தில்தான் வந்து நிற்கிறது.

அதன் பெயர் டார்ப்பன். பிள்ளைமடம் கழியில் வலையில் ஏறும் மோரான் கெண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குடும்பம்தான், அதே மேல்நோக்கிய கீழ்த்தாடை, அதே பெரிய கண், முதுகுத் தூவியின், அதாவது துடுப்பின், கடைசியில் அதே நீண்ட நரம்பு. நம்முடையது முழங்கை நீளம் இருந்தாலே பெரிது என்போம். இங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்கிறது. 1975இல் கீ வெஸ்ட் பக்கம் பிடிபட்ட ஒன்று 243 பவுண்டு, நம் கணக்கில் 110 கிலோ இருந்திருக்கிறது. பருவமடைவதற்கே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்கிறார்கள். மோரான் கெண்டையைப் போலவே இதுவும் நீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும். அமைதியான காலையில் வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்றை வாங்கிக்கொண்டு, விலாப்பக்கம் வெள்ளியாக மின்ன உருண்டு இறங்கும். கூட்டமாக இருந்தால் அந்த ஓசை தூரத்திலேயே கேட்கும். மாடுகள் தொட்டியில் நீர் உறிஞ்சுவதைப் போல இருக்கும்.

இதைப் பிடிப்பதற்காக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகளைக் கேப்டன் என்பார்கள். கடலோரக் காவல் படையிடம் உரிமம் பெற்றால்தான் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற முடியும். அரைநாள் என்றால் நான்கு மணி நேரம், முழுநாள் என்றால் எட்டு. அதற்குப் பல நூறு டாலர் கட்டணம். எங்கள் விடுதியில் தங்குபவர்களுக்கும் இந்தக் கேப்டன்களுக்கும் இடையில் பதிவு செய்து கொடுப்பது என் பொறுப்பு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் உண்மையான பருவம். ஆனால் மார்ச்சிலேயே பெரிய மீன்கள் வரத் தொடங்கிவிடும் என்பதால், கூட்டம் சேருவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே வருகிறார்கள். இங்கேதான் காற்று குறுக்கே வருகிறது.

மார்ச் மாதத்தில் வாரத்துக்கு ஒன்று என்று சொல்லும்படி வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்குகிறது. அதை இவர்கள் கோல்ட் ஃப்ரண்ட் என்கிறார்கள். அது வரும் முறையை ஒருமுறை கவனித்துவிட்டால் போதும், உங்களுக்குப் பிடிபட்டுவிடும். வழக்கமாகக் கிழக்கேயிருந்து வீசும் கொண்டல் முதலில் தளரும். பிறகு தெற்கேயிருந்து வரும் சோளகமாகத் திரும்பிப் புழுக்கம் கூடும். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். அடுத்து காற்று மேற்கே கச்சானுக்குப் போகும்போது வடமேற்கில் கருங்கோடு ஒன்று எழும். மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்வதற்குள் வாடை பாய்ந்துவிடும். ஓரிரு நாள் சுழற்றி அடித்த பின் வடகிழக்கு வாடைக்கொண்டலாகி, மறுபடி கொண்டலுக்கே வந்து சேரும். கடிகார முள் சுற்றும் திசையில் காற்று ஒரு முழு வட்டம் போட்டுவிடுகிறது.

டார்ப்பன் வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன். நீர் இவர்களின் ஃபாரன்ஹீட்டில் 75 பாகைக்கு, அதாவது நமது செல்சியஸில் 24 பாகைக்கு ஏறினால்தான் ஆழமற்ற திட்டுகளின் மேல் தாராளமாக நடமாடும். வாடை அடித்த இரண்டே நாளில் அந்தத் திட்டுகளில் நீர் 20 பாகைக்கும் கீழே போய்விடுகிறது. அடியில் உள்ள வெண்சேறு கலங்கிக் கடல் பால் நிறமாகிவிடுகிறது. மீன் ஆழமான வாய்க்கால்களுக்கு இறங்கிவிடும், இரை எடுக்காது. 2010 ஜனவரியில் குளிர் மிகக் கடுமையாகித் தெற்கு ஃபுளோரிடாவில் டார்ப்பன் உட்பட ஏராளமான மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. அதை நேரில் பார்த்த கேப்டன்கள் அந்த மாதத்தைப் பற்றி இப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

சென்ற வாரம் ஒஹாயோ மாநிலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் நண்பருடன் வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். மூன்று நாட்களுக்குப் படகு பதிவு செய்திருந்தார். முதல் நாள் சோளகம் வீசியது, மீனும் நிறைய உருண்டது, ஆனால் தூண்டிலில் ஒன்றும் தைக்கவில்லை. அன்று இரவே வாடை வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கேப்டன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "படகை என்னால் ஓட்ட முடியும், மீனைக் காட்ட முடியாது, அவருடைய பணத்தை இன்று வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடு" என்றார். அதை அந்தப் பெரியவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தொப்பியும் கண்ணாடியும் அணிந்து தயாராகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் இப்படி நடப்பதில்லை, அப்பா. முன்பு ஒரு முறை வேறொரு படகில் நான் பதிவு செய்து கொடுத்த குடும்பத்தை, மீன் இல்லை என்று தெரிந்தே கொந்தளிப்பில் எட்டு மணி நேரம் சுற்றிவிட்டு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் வாந்தியெடுத்துச் சோர்ந்து திரும்பியதைப் பார்த்த பிறகு, அந்தப் படகுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. கடலுக்குப் போகாதே என்று சொல்லத் தெரிந்தவன்தான் நல்ல தண்டல், நல்ல படகுத் தலைவன் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

நண்பர் விமானத்துக்கு நாளாகிவிட்டது என்று ஊர் திரும்பிவிட்டார். பெரியவர் மட்டும் அறையை நீட்டித்துக்கொண்டு காத்திருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் என் மேசைக்கு வந்து, கொடிக்கம்பத்தில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் காற்று கொண்டலுக்குத் திரும்பியது. பிற்பகலில் கேப்டன் அழைத்தார். எனக்கு அன்று விடுப்பு. படகில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வா என்றார்.

பாகியா ஹோண்டா பாலத்தடிக்குப் போனோம். கடல் நீர் இறங்கும் வற்று தொடங்கி நீவாடு தூண்களுக்கு இடையில் வாய்க்கால் மடை போல ஓடியது. கேப்டன் நங்கூரத்தைப் போட்டு, அதன் கயிற்றில் பெரிய மிதவை ஒன்றைக் கட்டி வைத்தார். மீன் தைத்தவுடன் கயிற்றை அப்படியே கழற்றிவிட்டு மீனின் பின்னால் போவதற்காக இந்த ஏற்பாடு. திரும்பி வந்தால் மிதவை இடத்தைக் காட்டும். இரைக்கு உயிருள்ள மடவை மீன். முனை உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்ளை அதன் உதட்டில் மாட்டி நீவாட்டோடு விட்டார். அப்படி வளைந்த முள் வயிற்றுக்குள் போகாமல் தாடையின் ஓரத்தில்தான் தைக்கும்.

முதல் மீன் தைத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதன் பின்னால் கொம்பன் சுறா ஒன்றின் முதுகுத் தூவி எழுந்தது. எங்கள் படகில் பாதி நீளமாவது இருக்கும். கேப்டன் ஒரு நொடியும் யோசிக்காமல் தங்கூசியை, அந்தத் தூண்டில் இழையை, வெட்டிவிட்டார். கட்டிப்போட்ட மீனைச் சுறாவுக்குக் கொடுப்பது அவருக்குப் பொறுக்காது. பெரியவர், "சரியாகச் செய்தீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

பாலத்தின் மறுபக்கம் போய், இருட்டும் நேரத்தில் இரண்டாவது மீன் தைத்தது. அது தைத்தவுடனே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆளுயரத்துக்குத் துள்ளியது. காற்றில் உடலை உதறியபோது செவுள்கள் சலங்கை போலக் கலகலத்ததை நான் என் காதால் கேட்டேன். அது துள்ளும்போதெல்லாம் கோலைத் தாழ்த்தி, வணங்குவது போல முன்னால் குனிய வேண்டும். தங்கூசி தளர்ந்தால்தான் அறாது. பெரியவர் ஒன்பது முறை குனிந்தார். நாற்பது நிமிடம் கழித்து மீன் படகோரத்தில் சாய்ந்தது.

படகின் முன்புறம் அணியத்தில் படுத்துக்கொண்டு அதன் தாடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்தேன். தாடை அரம் போலச் சொரசொரத்தது. ஒவ்வொரு செதிலும் என் உள்ளங்கை அளவு. முதுகுப்பக்கம் பச்சை கலந்த கருநிறம், கீழே வரவரப் புதுத் தகரம். விளக்கொளியில் அந்தப் பெரிய கண் செம்மஞ்சளாக எரிந்தது. அந்தப் பெரியவரும் குனிந்து வந்து அதன் முதுகில் கையை வைத்தார். படகை மெல்ல முன்னால் செலுத்தி, செவுளுக்குள் நீர் ஓடும்படி செய்தோம். முதலில் என் கையில் கனமாகத் தொங்கிய மீன், சில நிமிடங்களில் வாலை ஒருமுறை அசைத்தது, பிறகு என் கையைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனது.

பிடித்த மீனை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே 2013 செப்டம்பரிலிருந்து டார்ப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சாதனைக்காகத் தனிச் சீட்டு வாங்கியவர் மட்டும் ஆண்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். 40 அங்குலத்துக்கு மேற்பட்டதைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவும் கூடாது. வந்த புதிதில் எனக்கு இது மனத்துக்கு ஒப்பவில்லை; ஒரு கூடை சாளைக்காக நீங்கள் இரவெல்லாம் வலையோடு நின்றதைப் பார்த்தவன் நான். இப்போது எனக்கு அந்த வருத்தம் இல்லை. இந்த மீனில் முள் அதிகம், இங்கே யாரும் சமைப்பதில்லை. ஒரு பெரிய பெண் மீன் ஒரு கோடிக்கு மேல் முட்டையிடும். ஆனால் ஆழ்கடலில் பொரிக்கும் குஞ்சு கண்ணாடி நாடா போல மிதந்து வந்து அலையாத்திக் காடுகளுக்குள் சேர்ந்தால்தான் பிழைக்கும், அப்படிச் சேருபவை மிகச் சில. என் வயதுள்ள மீனாகக்கூட அது இருக்கலாம் என்று கேப்டன் சொன்னபோது, அதைக் கூடையில் போடும் எண்ணம் எனக்கு வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குட்டைகளில் நீர் வற்றும்போது மோரான் கெண்டை மேலே வந்து காற்று வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா, எந்த வேளையில், எந்தக் காற்றில் என்று கேப்டன் அறிய விரும்புகிறார். என் அப்பா ஐம்பது ஆண்டு கடலில் இருந்தவர் என்று சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். நினைவில் இருப்பதை அம்மாவிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள், நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

இப்போது வெளியே காற்று தளர்ந்து சோளகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் வாடை வந்துவிடும். அன்றைக்கு மூன்று பதிவுகள் இருக்கின்றன, அவர்கள் ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்னால் இன்றிரவே அழைத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மகன்