வாடகை ஒப்பந்தத்தில் வெக்கைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்கிறார்கள். சித்திரையில் அந்த வீட்டில் தூங்க முடியுமா என்பது பால் காய்ச்சிய பிறகுதான் தெரிகிறது. இங்கிலாந்தில் வீட்டை விற்கவும் வாடகைக்கு விடவும் ஏ முதல் ஜி வரை தரமிட்ட எரிசக்திச் சான்றிதழ் வேண்டும். 10 ஆண்டுகள் செல்லும். நம் மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புகளுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டர் (சுமார் 12 சென்ட்) மனைக்குக் குறையாத புதுக் கட்டடங்களுக்கானது. நெல்லையின் 3 சென்ட், 5 சென்ட் வீடுகளுக்கு அதில் இடம் இல்லை.

உரிமையாளர் பழைய கரண்ட் பில் ஒன்றைக் காட்டினால் போதாது. ஓராண்டின் 6 பில்லும் வேண்டும். அதுவும் முன்பு குடியிருந்தவரின் பழக்கத்தைத்தான் சொல்லும். வீட்டைச் சொல்வது தட்டட்டி, அதாவது மொட்டை மாடித் தளம். வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் நல்லது. வெள்ளைப் பூச்சும் உதவும். ஆனால் பாசியைச் சுரண்டிக் கழுவிக் காயவிடாமல் அடித்தால் ஐப்பசி மழையிலேயே உரிந்துவிடும். வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் இடம்தான் முதலில் போகும். மேற்குச் சுவர் 9 அங்குலமா நாலரையா, அந்தப் பக்க ஜன்னலுக்கு சன்ஷேடு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

மாட்டியிருக்கும் ஃபேனும் கணக்கில் சேரும். 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 22 தான். மூன்று ஃபேனுக்கு 97 யூனிட் மிச்சம். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும் என்பதால் இந்த 97 பெரிய எண்.

ஒரே இணைப்பில் மாடிக்கும் கீழுக்கும் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வழக்கம் இங்கே அதிகம். இலவச 100 யூனிட் குடியிருப்பவருக்குப் போவதே இல்லை. இது அநியாயம்.

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். தளம், மேற்குச் சுவர், ஃபேன், மின் இணைப்பு எண், 6 பில் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அதோடு இணைக்கச் சொல்ல, வாடகை அதிகாரிகள் முன்வர வேண்டும். ஒத்திக்கு விடும் வீட்டுக்கும் இதே பக்கம் வேண்டும்.

– கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
பாளையங்கோட்டை