ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கல் சூளைகள் நிறைந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். போன புதன்கிழமை தடுப்பூசி போட வந்த ஒடிசாப் பெண் ஒருத்தியை, "ஒரு குழந்தைக்காக மருந்தை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 9 மாதம் முடிந்த பிள்ளை. போட வேண்டியது தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி.

ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும், கலக்கிய மருந்து 4 மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வீணானதற்குக் கணக்குக் கேட்பார்களே என்று செவிலியர் பயப்படுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதானே விதி?

அடுத்த வாரம் வருவதென்றால் என்ன தெரியுமா? சூளையில் நாள் கூலி கிடையாது, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. புருஷன் சேறு குழைத்துக் கொடுக்க, அவள் அச்சில் கல் அறுக்க வேண்டும். அவள் போனால் அவன் வேலையும் படுத்துவிடும். முன்பணம் வாங்கி வந்தவர்கள், மேஸ்திரி முகம் பார்த்துத்தான் வெளியே வர முடியும். அவர் இன்னொரு புதன்கிழமை விடுவாரா? மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். பிள்ளை எந்த மாநிலக் கணக்கிலும் வராது.

ஊசியைத் தள்ளி வைத்தால் என்னவாகும் என்று நாம் பார்த்ததுதான். 2008-இல் திருவள்ளூரில் தட்டம்மை ஊசி போட்டதும் 4 குழந்தைகள் இறந்த பிறகு, கிராமத்துக்கே வந்து போட்ட ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நின்றது. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்த முழுத் தடுப்பூசி, 2015-16-இல் 70-ஐ ஒட்டி இறங்கியது. பிறகு ஏறியது, சரி. ஆனால் தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

போலியோவுக்குப் பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் காத்திருந்து, கடந்து போகும் பிள்ளையைக்கூட விடாமல் விரலில் மை வைத்த துறை உங்களுடையது. அதே துறைக்கு ஊர்க்கோடியில் புகைந்துகொண்டிருக்கும் சூளை மட்டும் எப்படியோ கண்ணில் படுவதில்லை. முகாம் பேனரில் சிரிக்கும் குழந்தையின் படம் போடத் தவறுவதில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும், மிச்சத்துக்காகச் செவிலியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சூளை ஓடும் மாதங்களில் ஊசிப் பெட்டியும் அங்கே போனால் இன்னும் நல்லது. வரும் புதன்கிழமைக்குள் முடிந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
சூளைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருபவன்