கோத்தகிரி குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு: மோசடி அழைப்புகள்

வணக்கம். மழைக்காலத்தில் இங்கே கரன்ட் போவது சகஜம். அதனாலேயே "பில் பாக்கி, இன்று ராத்திரி 9.30க்கு கனெக்‌ஷன் கட்" என்ற மிரட்டலைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். அதில் உள்ள நம்பரைக் கூப்பிடாதீர்கள். பாக்கி உண்டா என்று மின்வாரிய ஆப்பிலேயே பாருங்கள். மோசடிக்காரர்கள் அனுப்பும் ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) தொடவே வேண்டாம். அது போனில் ஏறினால் நமக்கு வரும் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும்.

கூரியர்க்காரர் போலப் பேசி, *21* அல்லது *401* சேர்த்து ஒரு நம்பரை டயல் செய்யச் சொல்வதும் நடக்கிறது. செய்தால் நம் அழைப்புகள் அவர்களுக்குப் போகும், போன் காலில் வரும் ஓடிபி உட்பட. வாட்ஸ்அப் இப்படியும் பறிபோகிறது. செய்துவிட்டால், அழைப்புகள் அப்படித் திரும்புவதை நிறுத்த உடனே ##002# டயல் செய்யுங்கள்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுவார்கள்; ஆனால் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரிந்தாலும் கட் செய்யுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள், தயவுசெய்து.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. யூடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) எடுத்து வையுங்கள்.

வெறும் விளம்பரத் தொல்லை என்றால் 1909க்குப் போன் செய்து டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற பதிவு) செய்யுங்கள்.