பள்ளிக்கூடத்தில் கறுப்பின வரலாற்று மாலை

அட்லாண்டா,
பிப்ரவரி 20.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். கறுப்பின வரலாற்று மாத விழாவைப் பள்ளிக்கூடத்தில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஆயுசு முழுக்க ஆண்டுவிழா நடத்தியவருக்கு மேலோட்டமாக எழுதினால் ஆகுமா!

1926இல் கார்ட்டர் உட்சன் என்ற வரலாற்றாசிரியர் இதை ஒரு வாரமாகத் தொடங்கினார். லிங்கன், அடிமை ஒழிப்புக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாள்கள் வருவதால் பிப்ரவரி. 1976 முதல் மாதம் முழுக்க.

முக்கிய அயிட்டம் மெழுகுச்சிலைக் காட்சி. பிள்ளைகள் வேஷம் கட்டிச் சிலையாக நிற்பார்கள். காலடியில் ஒட்டிய சிவப்புக் காகித வட்டத்தைப் பார்க்க வருபவர்கள் மிதித்தால் ஒரு நிமிஷம் பேசுவார்கள். நூறு, நூற்றிருபது வார்த்தைக்கு மேல் எழுதிக்கொடுத்தால் நடுவில் திணறும். ஹாலில் நிறுத்தினால் ஒருவர் பேசுவது இன்னொருவர் சத்தத்தில் அமுங்கிவிடும். நடைபாதையில் பத்தடிக்கு ஒருவர் என்றால் சரி. பெயர்களைச் சீட்டுக் குலுக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் பாதி வகுப்பு லூதர் கிங்தான். விமானி பெஸி கோல்மன் மாதிரி ஆள் கிடைத்தால் பிள்ளைக்கு யோகம்: அமெரிக்க விமானப் பள்ளிகள் சேர்க்க மறுக்க, பிரெஞ்சு படித்து, பிரான்சுக்கே போய் 1921இல் லைசென்ஸ் வாங்கியவர்.

முகத்தில் மை மட்டும் பூசக்கூடாது. மாறுவேடப் போட்டி ஞாபகத்தில் நம்மூர்க்காரர்கள் பூசிவிடக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களை நையாண்டி செய்து மேடையில் காசு பார்த்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. தொப்பி, கண்ணாடி, அங்கி போதும்.

சாப்பாடு வீட்டுக்கு ஒரு பதார்த்தம். காராமணி கட்டாயம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வியாபாரத்தோடு வந்த பயறு. கோஸ் வகையான காலர்ட் கீரையின் மடிப்பில் மணல் நிற்கும், மூன்று தண்ணீராவது அலச வேண்டும். நடுத்தண்டை உருவிவிட்டு, புகைபோட்ட வான்கோழிக் கறியோடு ஒரு மணி நேரம் வேகவைத்து, இறக்கும்போது வினிகர். சைவத்துக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, பெயர்ச்சீட்டு. சொதப்புவது மின்சாரத்தில்தான்: ஒரு லைன் 2400 வாட் தாங்கும். காபி பாய்லரே 1500. அதே லைனில் 250 வாட் மின் குக்கர் நாலு செருகினால் டிரிப்பாகி எல்லாம் ஆறிவிடலாம்.

இது நம் விழா இல்லை என்று ஒதுங்கும் தமிழர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. 1965க்கு முன் அமெரிக்காவில் குடியேற இந்தியாவுக்கு வருஷ ஒதுக்கீடு வெறும் 100 பேர். அதை மாற்றிய சட்டம் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் எழுப்பிய அலையில்தான் வந்தது.

சித்திக்கு என் நமஸ்காரம். நிகழ்ச்சி நிரலும் பேச்சு மாதிரி ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் குமார்